இடப்பக்கம் சுற்றும் கழுதை

ஸ்பெயினின் பைலேன் ஊரில் பிரெஞ்சுப் படை சரணடைந்து முழுதாய் ஒரு நாள் ஆகவில்லை. பதினேழாயிரம் பேர் துப்பாக்கியைக் கீழே போட்டார்கள் என்று ஊரே கோயில் மணி அடித்துக் கொண்டாடியது. கசில்டாவுக்கோ தன் கவலை. ஆறு வாரத்துக்கு முன் கோர்தோபா நகரைக் கொள்ளையடிக்கப் போன அதே படைதான் அவளுடைய கோவேறு கழுதையையும் ஓட்டிக்கொண்டு போனது. கழுதை இல்லாமல் கிணற்றுச் சக்கரம் சுற்றாது. ஜூலை வெயிலில் ஒருத்தி கைக்குடத்தால் எத்தனை பாத்தியை நனைப்பாள்? அவரைத் தோட்டத்தில் பாதி கருகிவிட்டது. மீதியும் போனால் குளிர்காலத்தில் பட்டினிதான்.

பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த வண்டிகளுக்கு நடுவே தன் கழுதை பிஸ்காவைக் கண்டுபிடித்துவிட்டாள். பிரெஞ்சுக்காரன் அதன் தொடையில் எண் சுட்டு வைத்திருந்தான். பாவிப் பயல்!

"எண் இருக்குல்ல? அப்ப எதிரி சொத்து. எதிரி சொத்து இனி ராசா சொத்து," என்றார் காவலுக்கு நின்ற ஸ்பானிய சார்ஜண்ட். பீரங்கி இழுக்க விலங்கு போதாமல் அவருக்கு ஏற்கெனவே தலைவலி. "காலையிலேருந்து நீ ஒன்பதாவது ஆளும்மா. எல்லாருக்கும் இது சொந்தக் கழுதையாம்!"

"இது கிணத்துக் கழுதைங்கய்யா. கண்ணைக் கட்டினா இடப்பக்கமா சுத்தும். ஊர்ல மத்ததெல்லாம் வலப்பக்கம். எங்க மாமனார் சக்கரத்தை மாத்தி மாட்டிட்டாரு, அதுக்கு ஊரே சிரிச்சுது."

"சுத்தலைன்னா?"

"வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவிப் பிஸ்காவின் கண்ணைக் கட்டினாள். அது அசையவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்டுக் கேட்டு மிரண்டிருந்த விலங்கு, நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"யக்கா, அதுவும் சரணடைஞ்சிருச்சு!" என்று ஒரு சிப்பாய் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். போ போ என்று சார்ஜண்ட் கையை ஆட்டினார்.

வெட்கமாவது மண்ணாவது! கழுதையின் காதருகே போய், வீட்டுச் சக்கரம் கிறீச்சிடுவது போலவே வாயால் சத்தம் கொடுத்தாள்.

"கிறீ...ச். கிறீ...ச்."

பிஸ்காவின் காது நிமிர்ந்தது. ஒரு கால் எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை. கிணறும் இல்லை, சக்கரமும் இல்லை. வெறும் தரையில் இடப்பக்கமாகவே மூன்று சுற்று சுற்றிவிட்டது.

சார்ஜண்ட் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "இதுல பீரங்கியைக் கட்டினா நாம மாட்ரிட் போய்ச் சேர்ந்த மாதிரிதான். ஓட்டிக்கிட்டுப் போ தாயே."

வீட்டுக்கு வந்ததும் பிஸ்காவின் கண்ணைக் கட்டிச் சக்கரத்தில் பூட்டினாள். ஓட்டவே வேண்டியிருக்கவில்லை. சக்கரத்தில் கட்டியிருந்த குடங்கள் ஒவ்வொன்றாய் மேலே வந்து தொட்டியில் கவிழ்ந்தன. வெடித்துக் கிடந்த பாத்திகள் காத்திருந்தன. கசில்டா வாய்க்காலைத் திறக்கவில்லை. கழுதையை நிறுத்திக் கண்கட்டை அவிழ்த்து, முதல் வாளித் தண்ணீரை அதன் முன்னால் வைத்தாள். தொடையில் இருந்த சூட்டுக் காயத்தைப் பார்த்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"முதல்ல நீ குடிடீ," என்றாள். "அவரைச் செடி கொஞ்சம் பொறுத்துக்கும்."