அட்டையில் மூன்று துளை

டாக்டர் விற்கக் கொண்டுவந்த புத்தகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு அவர் மேல் சந்தேகம் தட்டியது. டாக்டருக்கோ அவள் மேல்.

"கை கழுவிட்டியாம்மா?" என்றார், புத்தகத்தின் மேல் வைத்த கையை எடுக்காமலே.

"கழுவிட்டேன் சார். நீங்க?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி இருமினார். அது இருமல் இல்லை, எச்சரிக்கை. அந்தப் பழைய புத்தகக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இன்னும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவர், "பட்டதாரியம்மா"தான். மதிப்பீட்டுச் சீட்டில் கையெழுத்துக்குக் கீழே எம்.ஏ. என்று இருந்தால் வாங்குகிறவன் வாயை மூடிக்கொண்டு வாங்குவானாம். அவளைச் சேர்த்ததே அந்த இரண்டு எழுத்துக்காகத்தான். அவள் வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேரும் கைநாட்டு. அந்த வீட்டின் முதல் கையெழுத்து அவளுடையது. தீரப் பார்க்காமல் எந்தச் சீட்டிலும் அவள் பேனாவை வைத்ததில்லை.

கடற்பறவைகளைப் பற்றிய கெட்டி அட்டைப் புத்தகம். நீலத் துணி, முதுகில் மங்கிய பொன்னெழுத்து. முன்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒட்டுத்தாளில் டாக்டருடைய அப்பாவின் கையெழுத்து, தேதியோடு. தையல் மட்டும் அந்த வயசுக்குப் பொருந்தாத இறுக்கம். தலைப்புத் தாளைப் புரட்டினாள். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'மூன்றாம் அச்சு' என்றிருந்தது. அதன் வருஷம், கையெழுத்துத் தேதிக்குப் பத்து வருஷம் பிந்தியது.

"சார், இது முதல் அச்சு இல்ல."

"என்ன உளர்ற? வெளியான வாரமே எங்கப்பா வாங்கினது."

"அச்சே ஆகாத புத்தகத்துல உங்கப்பா எப்படி சார் கையெழுத்துப் போட்டாரு? பத்து வருஷம் முன்கூட்டியே?"

டாக்டரின் காது சிவந்தது. "என்னைத் திருடன்னு சொல்றியா?"

"புத்தகம் சொல்லுது. நான் படிச்சுக் காட்டறேன், அவ்வளவுதான்."

முதலாளி வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். "பெரியவர் தேதியை ஞாபகப் பிசகா போட்டிருப்பாரு. விடு. மூணாம் அச்சு, நிலைமை சுமார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. சாருக்கு நேரமாகுது."

அவள் பேனாவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

முதல் அச்சு இல்லை என்றுதானே அவள் சொன்னாள்? மூன்றாம் அச்சு என்று வாய் திறக்கவே இல்லையே. புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

பேனாவை மூடினாள். புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்னட்டையை விளக்குக்கு நேரே பிடித்தாள். மூன்று புழுத்துளை, அடுப்புக்கல் வைத்த மாதிரி முக்கோணமாக. அட்டையைத் துளைத்து ஒட்டுத்தாளையும் துளைத்திருந்தன. அடுத்திருந்த கடைசிப் பக்கத்தில் ஒரு பொட்டுத் துளை இல்லை. அட்டை வரைக்கும் வந்த புழு, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு திரும்பிப் போயிருக்குமா?

"சார், இந்தப் புத்தகம் உங்க வீட்டை விட்டு எங்கேயாவது போச்சா?"

"என் அலமாரியை விட்டே போகல." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "போன வருஷம் தையல் விட்டுப் போச்சுன்னு இங்கதான் குடுத்தேன். உங்க முதலாளி ஒரு மாசம் வெச்சிருந்தாரு."

"டீ சொல்லட்டுமா சார்?" என்றார் முதலாளி. எட்டு மாதத்தில் அவர் யாருக்கும் டீ சொல்லி அவள் பார்த்ததில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அலமாரியில் இதே பறவைப் புத்தகம் இன்னொன்று இருக்கிறது. போன மாதம் அவளே சீட்டு எழுதினாள்: 'முதல் அச்சு. புதிய தோல் அட்டை. கடைசி முப்பது பக்கங்களில் மூன்று புழுத்துளை.' கீழே அவள் கையெழுத்து. எம்.ஏ.

அலமாரியைத் திறந்தாள்.

"பட்டதாரியம்மா, சாவியை வெச்சிட்டு உள்ள வா. பேசிக்கலாம்."

"இங்கயே பேசுங்க. சாரும் கேக்கட்டும்."

தோல் அட்டைப் புத்தகத்தின் கடைசித் தாளை விரித்து, நீல அட்டையை அதன் மேல் பொருத்தி, விளக்கின் கீழ் தூக்கிப் பிடித்தாள். மேசையில் மூன்று வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன. அடுப்புக்கல் மாதிரியே.

அவள் பழைய சீட்டை எடுத்துத் தன் கையெழுத்தை மட்டும் கோடு போட்டு அடித்தாள். புதுச் சீட்டில் எழுதினாள்: 'நீல அட்டையும் தோல் அட்டைக்குள் இருக்கும் பக்கங்களும் ஒரே புத்தகம். சொந்தக்காரர் டாக்டர். பிரித்து, நீல அட்டைக்குள் மூன்றாம் அச்சை வைத்துத் தைத்தது இந்தக் கடை.' கையெழுத்துப் போட்டாள்.

"நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத," என்றார் முதலாளி. "உன்னை எவன் வேலைக்கு வைப்பான்னு பாக்கறேன்."

"பாருங்க."

டாக்டர் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். நன்றி என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவளையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"என்னோடதுதான். எங்க வீட்டுல வேற யாருக்கும் போடத் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.