கிளாரினெட் மாஸ்டரின் பதினேழாவது தட்டு

லிப்ட் மெக்கானிக்குக்கு வலது மணிக்கட்டு பிசகி, பத்து நாள் விடுப்பு கிடைத்தது. முதல் நாள் தூங்கித் தீர்த்தார். இரண்டாம் நாள் சன்னலோரம் உட்கார்ந்து, எதிர்க் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பவர்களை வேடிக்கை பார்த்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், கிளாரினெட் மாஸ்டரின் இசைத்தட்டுகளை ஒழுங்குபடுத்துவது என்று முடிவு கட்டினார்.

மாஸ்டர் என்றால் அவருக்கு உயிர். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் எந்த வருடத்தில் அவர் பக்கத்தில் யார் தாளம் வாசித்தார்கள், எந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது என்பதுவரை விரல்நுனியில் வைத்திருந்தார். இருபத்தாறு வருடமாகச் சேர்த்த நாற்பத்தோரு தட்டுகள் அலமாரி உச்சியிலும், கட்டிலுக்கு அடியிலும், இஸ்திரி மேசைக்குப் பின்னாலும் கிடந்தன. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, வருட வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தார்.

பதினேழாவது தட்டில் கை நின்றது.

அது யாருக்கும் பிடிக்காத தட்டு. மாஸ்டர் ஒரு கார் விபத்தில் முன்பற்களை இழந்து, பொய்ப்பல் கட்டிய சில மாதங்களுக்குள் அவசரப்பட்டு ஊதியது. கிளாரினெட்டின் ஊதும் முனையில் மேல்பற்கள் அழுந்தி நிற்க வேண்டும். பல் ஆடினால் சுரமும் ஆடும். ரசிகர்கள் அதைப் ‘பொக்கை வாய்த் தட்டு’ என்றே சொல்வார்கள். வரிசையில் ஓட்டை விழக் கூடாதே என்று வாங்கிய மெக்கானிக், ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு மூலையில் போட்டிருந்தார். இப்போது அதன் உறை நான்கு மூலையிலும் நைந்திருந்தது. தட்டின் கறுப்பு மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது. வீட்டிலேயே அதிகம் தேய்ந்த தட்டு அதுதான்.

அவருடைய சந்தேகம் நேராக, அடிக்கடி வீட்டுக்கு வந்துபோகும் மச்சான் மேல் பாய்ந்தது. போன் போட்டு விசாரித்தார். மச்சான் சிரித்தே விட்டான். அந்தத் தட்டுகளைத் தொட்டதற்காக அத்தானிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதே ஏழு ஜன்மத்துக்குப் போதும் என்றான். போனை வைத்துவிட்டு உறையைத் திருப்பியபோதுதான், கிழிந்த முதுகில் வரிசையாக ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையைக் கவனித்தார். காயத்துக்குப் பஞ்சு வைத்து ஒட்டுவது. அவர் மனைவி பல் மருத்துவமனையில் உதவியாளர்.

இரண்டரை மணிக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே தட்டைக் காட்டினார்.

“இத நீயா கேட்ட?”

“ஆமா. எனக்கு ரெண்டு மணிக்கு வேலை முடியுது. நீங்க வர ஆறாகுது. நாலு வருஷமா இதான் ஓடுது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

அவள் பையை மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாள். “உங்களோட உக்காந்தா பாட்டு எங்கங்க கேக்குது? உங்க குரல்தான் கேக்குது. ‘இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு’ன்னு நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள அது வந்துட்டுப் போயிடுது.”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாற்பத்தோரு தட்டில் போயும் போயும் இதுவா?

அவள் தரையில் உட்கார்ந்து, சாவகாசமாகச் சொன்னாள். புதுப் பல்செட் மாட்டியவர்கள் முதல் நாள் தங்கள் பெயரையே குழறுவார்களாம். ஒரு டீச்சர் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு வந்து, நான்கு நாள் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பழகினாராம். “நான் தினமும் பாக்கறத இவரு ஊதுறாருங்க. மூணாவது பாட்டுல ஒரு உச்சி சுரம் வழுக்கிடும். விட்டுட்டுப் போகமாட்டாரு. திரும்பி வந்து தொடுவாரு, மறுபடியும் வழுக்கும். அப்புறம் மெல்ல ஏறிப் பிடிச்சுக்குவாரு. அந்த இடத்துக்காகத்தான்.”

தட்டைச் சுழலவிட்டார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்தாவது மாடியில் ஓடும் லிப்டின் கோளாறைக் கீழே நின்று காதாலேயே சொல்லிவிடுகிறவர் அவர். அன்று ஒரே முறை கேட்டபோது இந்தத் தட்டிலும் கோளாறை மட்டுமே கேட்டிருந்தார். மூன்றாவது பாட்டு வந்தது. சுரம் வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. பிறகு அது மேலே போய் நின்றபோது, கூடவே தன் தாடையும் இறுகியிருப்பதை உணர்ந்தார். முள் தட்டின் நடுவுக்கு வந்ததும், “இன்னொரு தடவை வையேன்,” என்றார்.

மறுநாள் பதினெட்டாவது தட்டை எடுத்தார். மாஸ்டரின் ஆகச் சிறந்தது என்று அவர் சத்தியம் செய்யக்கூடியது. அவள் கேட்டதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள். தன் வாயின்மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. தட்டைச் சுழலவிட்டு, தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பால் பொங்கும் சத்தத்தினூடே கூடத்திலிருந்து அவள் சிரிப்பது கேட்டது. தம்ளர்களோடு ஓடிவந்தார். எந்த இடத்துக்குச் சிரித்தாய் என்றார். அந்தத் தட்டில் சிரிக்க ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

“நீங்களே கேட்டுக் கண்டுபிடிங்க,” என்று நகர்ந்து இடம் விட்டாள்.