கோடித்துணி ஆர்டர்

குமாரபாளையத்தில் விசைத்தறிக்கூடம் நடத்தும் அறிவுமதிக்கு ஏற்றுமதி ஏஜென்ட் கோகுல்ராஜ் ஒரு பெரிய ஆர்டர் கொண்டுவந்தான். சாயம் போடாத வெள்ளைத் துணி. ஆள் நீளத்துக்கு வெட்டி, மாதக் கடைசிக்குள் கப்பலேற்ற வேண்டும்.

"எதுக்குத் தம்பி இத்தனை அவசரம்?"

"பொணஞ் சுத்தறதுக்குங்கக்கா. கடலுக்கு அந்தாண்ட ரெண்டு சின்ன நாட்டுக்கும் சண்டை வரப்போவுதாம். வாங்கறது ஒரு பெரிய நாட்டுக்காரங்களோட நிவாரண அமைப்புங்க."

அறிவுமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே பெரிய நாட்டின் தூதர்தான் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல முடிவு வரும் என்று அன்று காலைகூட டிவியில் சிரித்தார். இரண்டு பக்கத்துக்கும் ஏவுகணை விற்றதும் அந்தப் பெரிய நாடுதான்.

"பேச்சே முடியல, அதுக்குள்ள பொணத்துக்கு அளவெடுத்துட்டாங்களா?"

"நமக்கென்னங்கக்கா? நீங்க நெய்யலீன்னா அடுத்த தறியில நெய்வாங்க."

"நெய்யட்டும். என்ற தறியில வேண்டாம். நீ கெளம்பு சாமி."

அவன் சொன்னபடியே அடுத்த தெருத் தறிகள் ராப்பகலாக ஓடின. துணி கப்பலேறிய மறுவாரம் குண்டு விழுந்தது. தூதர் மறுபடியும் டிவியில் வந்தார். இப்படி நடக்குமென்று யாருமே எதிர்பார்க்கவில்லை என்று தழுதழுத்தார்.

டிவி முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறிவுமதி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

"கொழம்பு கெட்டுப்போச்சா?" என்று கேட்டபடி கணவர் அருணகிரி தண்ணீர்ச் சொம்போடு வந்தார்.

"கொழம்பு நல்லாத்தானுங்க இருக்குது," என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல போயி டிவியில அந்தாளு மூஞ்சிய அமத்துங்க."