பூட்டுப் போட்ட படம்

"அதுக்குள்ள மருமகன் இரிக்காரெண்டு ஆரு செல்லின?"

"அவருதான் செல்லின உம்மா."

"எப்ப?"

"கடைசியாப் போன் கோல் எடுத்த நேரம்."

சுல்பிகா சொன்னதை உம்மா நம்பவில்லை. டீவியைத் தூக்கிக்கொண்டு வந்த மகன் அர்ஷாத் வழி கிடைக்காமல் அறை வாசலிலேயே நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் பெண்சாதி ஸகியா, கேம் மெசினையும் வயர்களையும் ஒரு துவாயில் சுற்றிப் பச்சைப் பிள்ளையைப் போல ஏந்தியிருந்தாள்.

"இத்தா இரிக்கிற அறைக்குள்ள டீவியா? ஊரு என்ன கதைக்கும்?"

"ஊரு இஞ்ச வந்து எட்டிப் பாக்கவா போகுது? கை ஓயுது உம்மா, வழிய உடுங்க."

சுல்பிகா கட்டிலின் கால்மாட்டில் இருந்த ஸ்டூலைக் காட்டினாள். அறையில் வேறு இடமில்லை. சன்னலுக்கு இரட்டைத் திரை. அலுமாரிக் கண்ணாடியை ஒரு பெட்சீட் மூடியிருந்தது. கட்டாரில் வேலை செய்த அவளுடைய புருசன் மக்கீன் மவுத்தாகி இரண்டு மாதம் ஆகிறது. வெயிலில் விழுந்தார் என்றார்கள். அங்கேயே அடக்கியாயிற்று என்றார்கள். அன்றைக்கு வெள்ளைச் சீலையைக் கட்டி இந்த அறைக்குள் வந்து இருந்தவள்தான். கிணற்றடிக்குப் போவதென்றாலும், வளவுக்குள் அந்நிய ஆம்பிளைகள் யாரும் இல்லையென்று உம்மா பார்த்து வந்து சொல்ல வேண்டும். புருசனை இழந்தவள் மறைந்திருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இன்னும் அரைவாசிக்கு மேல் கிடந்தது.

"அவரு என்ன செல்லினாரெண்டு சரியாச் செல்லுங்க ராத்தா," என்றான் அர்ஷாத்.

"வனாந்தரத்துல கார் ரேஸ் ஒண்டு நடந்திச்சாம். ரோட்ட மண் மூடுறதக் கூட்டுறதுக்கு கொம்பனி இவங்கள அனுப்பியிரிக்கி. வெளாட்டுச் செய்றவனுகள் வந்து எல்லாத்தயும் படம் புடிச்சிப் போனாங்களாம். 'அர்ஷாத் மச்சானுக்கு அனுப்பின சீடியில நானும் இரிக்கன், எல்லா ரேஸும் வெண்டு போட்டு என்னக் காணுங்க' எண்டாரு. சிரிச்சாரு."

"சிரிச்சாரா? மறுகா என்ன, பகிடிதான்," என்றாள் உம்மா. "பொண்ணு பாக்க வந்த அண்டைக்குத் தனக்கு ஒரு காது கேக்காதெண்டு செல்லி, என்ன ஒரு மணித்தியாலம் கத்த வெச்ச மனிசன் அவரு."

சுல்பிகாவிடம் இருந்தது ஒரு பாஸ்போட் போட்டோ. அதில் மக்கீன் காது இரண்டும் விடைக்க, களவு செய்து பிடிபட்டவனைப் போல முழித்துக்கொண்டிருப்பார். மய்யித்தின் முகத்தைக்கூடக் காணாதவளுக்கு அந்தப் போட்டோ போதவில்லை. அவர் நடப்பதை, குனிவதை, திரும்பிப் பார்ப்பதை ஒரேயொரு தரம் பார்க்க வேண்டும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

அர்ஷாத் வயர்களைக் கொளுவி மெசினைப் போட்டான். திரையில் கார்கள் வந்தன. கீழே ஒரு மூலையில் சின்னப் பெட்டி, அதன்மேல் பூட்டுப் படம்.

"இந்தா, இதுதான் அது. ஒரே சீடியில ரெண்டு சாமான் இரிக்கி. ஒண்டு வெளாட்டு. மத்தது, அந்த வெளாட்ட எப்பிடிச் செஞ்ச எண்டு காட்டுற படம். அது பரிசு மாதிரி. எல்லா ரேஸும் வெண்டாத்தான் பூட்டுத் தொறக்கும்."

"வாங்கின சாமானுக்குள்ளயே பூட்டா?"

"அப்பிடித்தான் செய்றானுகள் உம்மா. இல்லாட்டி ஆரு வெளாடுற?"

அவன் வந்து வந்து விளையாடிப் பார்த்தான். எல்லாவற்றையும் வென்றான், கடைசி வனாந்தர ரேஸைத் தவிர. அதில் கார் மண்ணில் சறுக்கிச் சறுக்கிச் சுவரில் போய் முட்டியது. பிறகு ஒரு நாள் சீடியைக் கல்முனைக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்தான்.

"கம்பியூட்டர் கிளாஸ் நடத்துற ஜவுபரிட்டக் காட்டின நான். படம் உள்ளுக்க இரிக்கி ராத்தா. கம்பியூட்டர்ல பேரு வருது. எவ்வளவு பெரிசெண்டும் காட்டுது. ஆனா அதால தொறக்க ஏலா. இந்த மெசினுக்கு மட்டும்தான் தொறக்குமாம்."

"வேற வழி?"

"வெல்லுறதுதான். நான் நாளைக்குக் கொழும்புக்குப் போகணும், கடையில லீவு முடிஞ்சி. நீங்க ரெண்டு பேரும் வெளாடுங்க."

"ஆரு, நாங்களா?" ஸகியா சிரித்துவிட்டாள். "சைக்கிளே ஓடத் தெரியா எங்களுக்கு."

"இதுல விழுந்தா நோகாது. ஒண்ட மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க. வெண்டதச் சேத்து வைக்கிற கார்ட் ஒண்டு இரிக்கி, மச்சான் அத அனுப்பல்ல. கரண்ட் போனா வெண்டதெல்லாம் போகும். திருப்பி முதல்ல இரிந்துதான். உம்மா, உங்களுக்கும்தான் செல்றன்."

"கரண்ட் போறது என்ட கையிலயா இரிக்கி?" என்றாள் உம்மா.

அவன் போன பிறகு சமையல் முடிந்த கையோடு ஸகியா ஒவ்வொரு நாளும் வந்தாள்.

"கிறுகுங்க மதினி, கிறுகுங்க."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். மதினி, சோறு திங்கிற கைப் பக்கம்."

கார் சுவரில் முட்டி நின்றது. சக்கரம் மட்டும் சுற்றியது.

"இப்ப என்னத்த அமத்துற?"

"பின்னுக்கு எடுக்கிற பட்டன. அது இல்ல. அது ஹோன்."

குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "றைவர் அம்மா, பகல் சோறு திங்கிற எண்ணமில்லையா? இல்லாட்டி ஓட்டலுக்கு முன்னால நிப்பாட்டப் போறியா?"

முதலாவது ரேஸ் பட்டணத்துக்குள். இரண்டாவது மலையில். பிறகு கடற்கரை. சுல்பிகா இரண்டு மாதமாகக் கடலைக் காணவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் அது இரையும் சத்தம் அறைக்குள் வரும். திரையில் இருந்த கடல் அசையாமல் நீலமாகக் கிடந்தது. கார் அதைச் சுற்றி ஓடி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"எவ்வளவு ஓடினாலும் தொடங்கின இடத்துக்குத்தான் வருது," என்றாள் சுல்பிகா. "இதுவும் இத்தாவுலதான் இரிக்கி போல."

ஸகியாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் இருவரும் சிரித்தார்கள். அந்த அறைக்குள் சிரிப்புக் கேட்டதும் உம்மா வந்து எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கரண்ட் இரண்டு தரம் போனது. இரண்டு தரமும் முதலிலிருந்து தொடங்கினாள். அவளுடைய விரல்கள் பழகிவிட்டன. மலை ரேஸில் எங்கே கிறுக வேண்டுமென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ரேஸ் எல்லாம் ஓடி முடிக்கக் காலையும் பகலும் போய்விடும்.

இந்தக் கதை எப்படியோ மக்கீனின் ஊரான மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. மக்கீனின் உம்மா பன் புல்லில் பின்னிய ஒரு பையில் உடுப்போடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து, மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டு வந்த மனிசி.

"மெய்யா மகள்? என்ட மகன் இதுக்குள்ளயா இரிக்கான்?"

"அப்பிடித்தான் செல்லினாரு மாமி. இன்னும் காணல்ல."

"எந்தப் பக்கத்தால வருவான்?"

"ரேஸ் வெண்டாத்தான் வருவாரு."

"அப்ப வெல்லு. நான் பக்கத்துல இரிந்து ஓதுறன். உனக்கு இத்தா முடியுமட்டும் இஞ்சதான் இரிக்கப் போறன்." பிறகு, கேட்க வெட்கப்பட்டவளைப் போல, "அங்க அவன் ஒழுங்காத் திண்டானா மகள்? கோல்ல உன்னட்டச் செல்லினானா? மவுத்தெண்டு கேட்ட நேரத்துல இரிந்து எனக்கு அந்த ஓர்மைதான். பட்டினியில கெடந்தானோ எண்டு."

"திண்டதாத்தான் செல்லினாரு மாமி."

"செல்லுவான். அவன் எப்ப உண்மை செல்லின?"

அந்த வார வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், உம்மா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த நேரம், சுல்பிகா வனாந்தர ரேஸில் ஒரு தரமும் முட்டாமல் ஓடி முடித்தாள். முதலில் அவளுக்கே விளங்கவில்லை.

"வெண்டுட்டீங்க மதினி," என்றாள் ஸகியா மெதுவாக. "பூட்டப் பாருங்க."

பூட்டு இல்லை. ஸகியா பட்டனை அமத்தினாள். கதிரையில் இருந்த ஒரு வெள்ளைக்காரன் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தான். சுல்பிகா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"இவனாரு?" என்றாள் மாமி.

"வெளாட்டச் செஞ்சவன் போல."

பிறகு ரோடு வந்தது. காற்று மண்ணை வாரி இறைத்தது. செம்மஞ்சள் உடுப்பில் பத்துப் பதினைந்து பேர் நீளத் தும்புத்தடிகளால் ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய முகத்திலும் துணி. கண் மட்டும் தெரிந்தது.

மக்கீன் சொன்னது பகிடி இல்லை.

"அந்தா," என்று மாமி ஸ்டூலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள். "முன்னுக்கு, கம்பத்துல சாஞ்சி நிக்கான். அது என்ட மகண்ட நிப்பு."

சுல்பிகா அவனைப் பார்க்கவில்லை. தூரத்தில், படத்தின் ஓரத்தில், ஒருவன் தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடந்து வந்துகொண்டிருந்தான். விரல் பருமன்தான் இருந்தான். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தால் சொல்லிவிடுவாள். வந்துகொண்டிருந்தான்.

முன்னால் நின்றவன் தண்ணீர் குடிக்க முகத்துத் துணியை அவிழ்த்தான். அகலமான முகம், தடித்த மீசை, கொழுத்த கன்னம். எந்த நாட்டுக்காரனோ. மக்கீன் இல்லை.

"என்ட மகனே," என்றாள் மாமி.

அப்போது பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது.

உம்மா ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பாங்குக்குப் பதில் சொல்லி உதடு அசைந்தது. சுவரடிக்குப் போய்க் குனிந்தாள். சுல்பிகா கண்டுகொண்டாள். ஆனால் பாங்கு சொல்லும்போது கதைக்கக் கூடாதென்று சின்ன வயதிலேயே பழகிய வாய் திறக்கவில்லை. கை மட்டும் உயர்ந்தது. உம்மா பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை கறுத்தது. பாங்கு முடியும் வரைக்கும் நாலு பெண்களும் அந்தக் கறுப்புக்கு முன்னால் பேசாமல் இருந்தார்கள்.

"என்ன, எல்லாரும் என்னயே பாக்கிறீங்க?" என்றாள் உம்மா பிறகு.

"புடுங்கிப் போட்டீங்களே உம்மா."

"பாங்கு செல்ற நேரம் டீவி ஓடுறதா? ஊட்டுக்கு றேடியோ வந்த நாளையில இரிந்து நான்தானே புடுங்குற."

"கரண்ட் போனா எல்லாம் போகுமெண்டு அர்ஷாத் செல்லினானே."

"கரண்ட் எங்க போன? நான்தானே புடுங்கின."

சுல்பிகா முகத்தை மூடிக்கொண்டாள். மாமி அவளுடைய தோளைத் தொட்டாள்.

"உம்மாவ ஏசாத மகள். நான் கண்டுட்டன். துணிய அவுத்து நேரா என்னப் பாத்தான். மெலியல்ல. கன்னம் வெச்சிருந்திச்சி. நல்லாத் திண்டுதான் இரிந்திரிக்கான். அல்ஹம்துலில்லாஹ்." அவள் அழுதுகொண்டே எழும்பி தொழுகைக்கு ஒளு எடுக்கப் போனாள். வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததை யாரும் காணவில்லை.

ஸகியா கிட்ட வந்தாள்.

"மதினி, அது மச்சான் இல்லயே."

"தெரியும்."

"மாமிட்டச் செல்லுறதா?"

"உனக்கு ஏலுமா?"

ஸகியா தலையாட்டினாள். ஏலாது.

"பின்னால ஒராள் வந்தாரே, ஓரத்துல. தடியத் தோள்ல வெச்சிட்டு. அவரப் பாத்தியா?"

"நான் மாமியத்தான் பாத்துட்டு இரிந்த மதினி. ஆரு, மச்சானா?"

"தெரியா. கிட்ட வரல்ல."

அன்றிரவு மாமி இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டாள். சுல்பிகாவின் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டு, "மருதமுனைக்கு ஆள் அனுப்பிட்டன்," என்றாள். "என்ட தங்கச்சிமார் ரெண்டு பேரும் சனிக்கிழமை வருவாளுகள். அவளுகளும் அவனக் காணட்டும். நீ திருப்பி வெல்லுவாய்தானே?"

"ஓம் மாமி."

மாமியின் தங்கச்சிமாருக்குக் கண் நல்ல தெளிவு. மக்கீனைத் தோளில் போட்டு வளர்த்தவர்கள். துணியை அவிழ்க்கும் அந்த முகத்தைக் கண்டதும் இருவரும் ஒரே வாயில், "ராத்தா, இது நம்மட புள்ள இல்ல," என்பார்கள். அதற்கு முன்னால் வென்று அந்த ஓரத்து ஆளைப் பார்த்துவிட ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. அன்று காலையில் சுல்பிகா ஜொய்ஸ்டிக்கைத் தொட்டதும் மாமி தஸ்பீஹோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தரம் ஸ்டூலுக்கு ஒரு சாண் தூரத்தில். பகலானதும் கையிலிருந்த சோற்றுக்கோப்பையோடும் அங்கேயே இருந்தாள். இவ்வளவு கிட்ட இருந்து, சாவகாசமாகப் பார்த்தால், மங்கிய கண்ணுக்கும் அது வேறொருவனென்று தெரிந்துவிடலாம். சுல்பிகா மூன்றாவது ரேஸோடு தலையிடி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். மாமி உறங்கிய பிறகு மிச்சத்தை ஓடலாமென்று மெசினை நிப்பாட்டவில்லை. இரவில் கரண்ட் போய் வந்தது.

சனிக்கிழமை தங்கச்சிமார் வந்தார்கள். அறை நிறைந்தது. பட்டணம், மலை, கடற்கரை என்று ஒவ்வொன்றாக வென்றுகொண்டு போனாள். "புள்ள எப்பிடி ஓட்டுறா பாரு, பஸ் குடுக்கலாம் போல," என்றாள் வந்த சாச்சிமாரில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சுல்பிகாவின் விரல் பிசகவே இல்லை. அந்த ஓரத்து மனிசன் எங்கே வருவாரென்று அவளுக்குத் தெரியும். இந்தத் தரம் கண்ணை அங்கேயே வைத்திருப்பாள். அவர் கிட்ட வருவார், முகத்துத் துணியை அவிழ்ப்பார், அவிழ்க்காமல் போனாலும் அந்த நடை போதும்.

வனாந்தர ரேஸ். கடைசிச் சுற்று. முன்னால் ஒரு காரும் இல்லை. தூரத்தில் முடிகிற கோடு தெரிந்தது.

"கிட்ட வந்திட்டானா மகள்?" என்றாள் மாமி. அவள் ஒரு தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "இப்ப பாருங்கடி. எப்பிடிக் கன்னம் வெச்சிரிக்கான் எண்டு பாருங்க."

சுல்பிகா பட்டனிலிருந்து பெருவிரலை எடுத்தாள்.

கார் மெல்ல மெல்ல ஓய்ந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஒரு கார் கடந்து போனது. பிறகு மற்றவை எல்லாம்.

"என்ன மகள், நிண்டு போச்சா?"

"கை வலிக்குது மாமி. அமத்த ஏலாமப் போச்சி."

"நாங்க இரிந்து பாத்துட்டே போறம்," என்றாள் சாச்சி. "திருப்பி ஓட்டு புள்ள."

ஸகியா திரையைப் பார்த்தாள், சுல்பிகாவின் கையைப் பார்த்தாள். பிறகு, "கரண்ட் வேற போகும் போல இரிக்கி சாச்சி," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினாள்.

"பாவம், கொமர்ப்புள்ள மாதிரி இரிந்தவ, களைச்சிப் போயிட்டா," என்றாள் மாமி. அவளுக்குக் கவலையே இல்லை. "நாளைக்கு வாங்க, இல்லாட்டி மறுநாள் வாங்க. அவன் எங்க போகப் போறான்? உள்ளுக்கத்தானே இரிக்கான். என்ன மகள்?"

"ஓம் மாமி," என்றாள் சுல்பிகா.