இரண்டு ஒற்றர்களும் ஓர் ஈயப் பெட்டியும்

இங்கிலாந்தில் வேறொரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் ரஷ்யர்களுக்கு அணு ரகசியம் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு, 1950ஆம் ஆண்டு குளிர்காலம் முழுக்க எங்கள் அணு ஆராய்ச்சி நிலையத்திலும் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. எங்கள் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் பார்ஜிட்டர் மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் கணிதப் பிரிவிலிருந்த ஹெஸ்டர் டாப்ஸ்காட்டைக் கூப்பிட்டு, தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அணு உலைப் பிரிவுல இருக்கிற அந்த செக் நாட்டுக்காரர் விலெம் உங்ககூட நல்லாப் பழகுறார் இல்ல, மிஸ் டாப்ஸ்காட்? யாரப் பாக்குறார், என்ன பேசுறார்னு அப்பப்ப என் காதுல போட்டு வையுங்க. நாட்டுக்காகத்தான்."

நாட்டுக்காக என்றதும் ஹெஸ்டருக்கு மறுக்க வாய் வரவில்லை. மறுநாள் கேன்டீனில் விலெமுக்கு எதிரே உட்கார்ந்தவள் சூப்பையே கலக்கிக்கொண்டிருந்தாள். விலெமும் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நீயே சொல்லு," என்றான் விலெம்.

"உன்ன வேவு பாக்கச் சொல்லியிருக்காரு கேப்டன்."

"அடிப்பாவி! உன்னப் பாக்கச் சொல்லி என்கிட்டயும் சொல்லியிருக்காரே! உங்கண்ணன் கம்யூனிஸ்டாமே?"

அண்ணன் ஷெஃபீல்டு எஃகு ஆலையில் தொழிற்சங்கக்காரர். ஹெஸ்டர் சிரித்த சிரிப்பில் சூப் மூக்கில் ஏறியது. அன்றிலிருந்து, கேப்டனிடம் என்ன சொல்வது என்பதை இருவரும் கலந்து பேசியே முடிவுசெய்தார்கள். அதிலும் சண்டை வந்தது.

"என்னப் பத்தி இந்த வாரம் என்ன சொன்ன?"

"தோட்டத்துல முள்ளங்கி போட்டிருக்கன்னு சொன்னேன்."

"முள்ளங்கியா? நாஜிக்காரன் கண்ணுல மண்ணத் தூவிட்டு, பனி மலையத் தாண்டி ஓடிவந்தவன்டி நான்! கொஞ்சம் மர்மமாவாவது சொல்லக் கூடாதா?"

"சரிப்பா, அடுத்த வாரம் மர்மமான முள்ளங்கின்னு சொல்றேன்."

இந்த விளையாட்டு வசந்தம் வரை நன்றாகவே ஓடியது. அப்போதுதான், ரஷ்யர்கள் பக்கம் போய்விட்டிருந்த செக் நாட்டின் தூதரகத்திலிருந்து பிரோகோப் என்பவர் வந்தார். ரெடிங் ஊரில் கச்சேரி கேட்கப் போயிருந்த விலெமின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாய்மொழியிலேயே பேசினார். நாட்டை விட்டு வெளியேற வழியில்லாமல் பிராகில் தனியாக இருக்கும் தங்கை யர்மிலாவை லண்டனுக்கு அனுப்பிவைக்க முடியும். அதற்குப் பதிலாக நிலையத்திலிருந்து ஏதாவது வேண்டும் என்றார்.

ஹெஸ்டரிடம் அதைச் சொன்னபோது விலெமின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அணு உலையக் குளிர வைக்கிற விஷயத்துல ஒரே ஒரு வாக்கியம் சொன்னாப் போதும், ஹெஸ்டர். யர்மிலா வந்துடுவா. நேத்து நடந்துகிட்டே அந்த வாக்கியத்த மனசுக்குள்ள செக் மொழியில சொல்லிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"ஊரு பேரு தெரியாம வந்தவனுக்கு இங்க ரேஷன் கார்டு குடுத்து, ஆய்வுக்கூடத்துச் சாவியவும் குடுத்தாங்க. வாக்கியம் பாதியிலயே நின்னுடுச்சு."

இதைக் கேப்டனிடம் சொல்வதுதான் ஹெஸ்டரின் கடமை. சொன்னால் விலெமின் கதி என்னவென்று தெரியாது. யர்மிலா நிச்சயம் வர மாட்டாள். ஹெஸ்டர் நகத்தைக் கடித்தபடி, "அவங்களுக்கு நிலையத்துல இருந்து ஏதாவது வேணும், அவ்வளவுதான?" என்று கேட்டாள்.

கதிர்வீசும் பொருள்களைக் கொண்டுபோகும் சின்ன ஈயப் பெட்டிகள் எங்களிடம் நிறைய இருந்தன. மூடியில் மண்டையோடும் சிவப்பு எச்சரிக்கையும் இருக்கும். அப்படி ஒன்றை எடுத்து, எங்கள் கேன்டீனில் மாவும் கொழுப்பும் சேர்த்து அவிக்கும் புட்டிங்கிலிருந்து ஒரு துண்டை உள்ளே வைத்தாள். உலகத்தில் அதைவிட ஆபத்தில்லாத ரகசியம் கிடையாது. ஆனால் சாப்பிட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ரெடிங் ரயில் நிலையத் தேநீர்க் கடைக்குப் பிரோகோப் யர்மிலாவோடு வந்தார். அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஹெஸ்டர் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"தொறந்துடாதீங்க, கை கருகிடும்," என்றாள்.

பிரோகோப் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"உள்ள என்ன இருந்தாலும் எனக்குக் கவலை இல்லம்மா. இதத் தொறக்க எங்காளுங்களுக்கு ஒரு பத்து நாள் துணிச்சல் வரக் கூடாது. அதுக்குள்ள எம்பொண்டாட்டி பிள்ளைங்களோட நான் தப்பிச்சு வியன்னா போய்ச் சேந்துடுவேன்."

பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, மருந்து வாங்கிப் போகிறவர் போல வேகமாக நடந்துவிட்டார். ஏமாற்றுவதாக நினைத்து அங்கே போன ஹெஸ்டருக்கு அழுகைதான் வந்தது.

விலெமால் சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே ஹெஸ்டரையும் இழுத்துக்கொண்டு கேப்டனிடம் போய் முழுவதையும் கொட்டினான். கேப்டன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"என்னோட ரெண்டு ஒற்றர்களும் சேந்துகிட்டு எனக்கே கதை சொன்னாங்கன்னு மேலிடத்துல போய் நான் சொல்லணுமா? நான் எதுவும் கேக்கல. நீங்க எதுவும் சொல்லல." கொஞ்சம் தயங்கி, "பொண்ணு சௌக்கியமா வந்து சேந்தாளா?" என்றார்.

ஆனாலும் விலெமை ரகசியப் பிரிவில் அவர் வைத்திருக்கவில்லை. கோடைக்குள் விலெம் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கு வலித்தது. கூடவே, சாப்பாட்டு மேசையில் தன் வேலையைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிகிறதே என்று ஆச்சரியமும் பட்டான். யர்மிலா கசாப்புக்கடைக்காரரோடு சண்டை போட்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். இரண்டு வருடம் கழித்து ஹெஸ்டரும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் விலெமோடு சேர்ந்துகொண்டாள். இந்தக் கதையை எங்களிடம் சொன்னதும் அவள்தான்.

பிரோகோப் என்ன ஆனார் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவே இல்லை. செய்தித்தாள் வந்ததும் விலெம் முதலில் வியன்னா செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவான். ஹெஸ்டர் காபியை அவன் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, அவன் தேடி முடிக்கும்வரை காத்திருப்பாள்.