தாலி கட்டும்போது அடித்த ஃபிளாஷ்

ஃபிளாஷ் அடித்தது. அதை மண்டபத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நாயனக்காரர் கண்ணைச் சுருக்கினார். ஐயர் மந்திரத்தை ஒரு நொடி விட்டுப் பிடித்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இவ்வளவும் நடந்தது. படம் மட்டும் விழவில்லை.

திருச்சி கலர் லேபில் கழுவி வாங்கிய ஃபிலிமை இளையபெருமாள் அங்கே பஸ் ஸ்டாண்டிலேயே உறையிலிருந்து உருவி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். மண்டப வாசலில் எடுத்த வாழைமரம் இருந்தது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது இருந்தது. அதற்குப் பிறகு வெறும் காவி நிறம், கட்டம் கட்டமாக. கண்ணை இடுக்கிப் பார்த்தால் சில கட்டங்களில் கீழே ஒரு கறுப்புத் தீற்றல் தெரிந்தது. அது ஓமத் தீ. மேலே ஒரு கறுப்புக் கோடு. அது டியூப் லைட். தீக்கும் டியூப் லைட்டுக்கும் கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது. பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. இரண்டாவது ரோலிலும் இதே கதைதான்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவன் மச்சினன் மதுரைவீரன். கண்ணகியின் ஒரே தம்பி. கல்யாணத்துக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு ஸ்டுடியோக்காரரைப் பேசி முடித்திருந்தார்கள். அவரை வேண்டாமென்று நிறுத்தியது கண்ணகி.

"எங்க வூட்டுக்காரர் எடுப்பாரு" என்றாள் அம்மா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு.

"அக்கா, மாமாவுக்கு மரம் மட்டை, மாட்டு வண்டி இதெல்லாம் எடுத்துத்தானே பழக்கம்" என்றான் தம்பி.

"நான் சொல்றேன்ல."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சிமெண்ட் ஃபாக்டரியில் மூட்டை பிடிக்கும் பிரிவில் ஷிப்ட் பார்க்கிற ஆள், கையில் வருகிறதை ஃபிலிமாக வாங்கித் தீர்க்கிறான் என்று தா.பழூரில் அவள் பிறந்த வீட்டில் பல வருஷப் பேச்சு. அரியலூரில் தன் வீட்டுக்குள் அவளே அதைவிடக் கேவலமாக அவனைத் திட்டுவாள். ஆனால் அம்மா வீட்டில் விட்டுக்கொடுக்க மாட்டாள். இந்தக் கல்யாணத்தோடு அந்த வாயை எல்லாம் அடைக்க வேண்டும் என்று நினைத்தாள். புருஷனை நம்பி, பிறந்த வீட்டில் அவள் முதன்முதலாகக் கொடுத்த வாக்கு இது.

அந்த வாக்கு இப்போது காவி நிறத்தில் அவன் கையில் சுருண்டுகொண்டிருந்தது.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. அரியலூரில் இறங்கி நேரே கலைச்செல்வன் ஸ்டுடியோவுக்குப் போனான்.

கலைச்செல்வன் ஸ்டுடியோ பாஸ்போர்ட் சைஸ் படத்தில் ஓடுகிற கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் உள்ளே உட்காருவார்கள். கலைச்செல்வன், இளையபெருமாள், பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வருகிற ஜெயப்பிரகாஷ். ஜெயப்பிரகாஷுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை, மூவரில் மூத்தவர். மூன்று பேரிடமும் இருப்பது பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் பார்க்கிற சன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. சன்னலுக்குள் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவான். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். அந்த இரண்டு ஒன்றாகிற நொடிக்காகத்தான் இத்தனை கிறுக்கும். எடுத்த படங்களை மேசைமேல் பரப்பி, ஒருத்தன் படத்தை இன்னொருத்தன் கிழிகிழி என்று கிழித்து, கேமராக்களைக் கைமாற்றிக் கிளிக்கிப் பார்த்து, சாயங்காலம் கலைவார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேமரா கைமாறித் திரும்பி வந்தால் உடையவன் அதைத் தொட்டுப் பார்த்து, "மூடி, வேகம், கம்பி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். லென்ஸ் மூடி திறந்திருக்கிறதா, ஷட்டர் வேகம் சரியா, ஃபிளாஷ் கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று. வழக்கத்தைக் கொண்டுவந்தவன் இளையபெருமாள். ஒரு தேர்த் திருவிழாவில் கலைச்செல்வன் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு ரோல் முழுக்க எடுத்துவிட்டான். சன்னல் வேறு லென்ஸ் வேறு என்பதால், மூடி போட்டிருந்தாலும் உள்ளே எல்லாம் அழகாகத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இளையபெருமாள் அவனை 'மூடி' என்றுதான் கூப்பிட்டான்.

கலைச்செல்வன் ஃபிலிமை விளக்குப் பெட்டிமேல் போட்டுக் குனிந்தான். பெரம்பலூரிலிருந்து வந்து பெஞ்சில் சாய்ந்திருந்த ஜெயப்பிரகாஷும் எழுந்து வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஃபிளாஷ் அடிச்சுச்சா?" என்றான் கலைச்செல்வன்.

"அடிச்சுச்சு."

"நீ பாத்தியா?"

"ஊரே பாத்துச்சுய்யா."

"மூடி?"

"மூடி போட்டிருந்தா நெருப்பு எப்படிய்யா விழும்? உங்கூட என்னை சேக்காத."

விளக்குப் பெட்டியின் வெளிச்சத்தில் கலைச்செல்வன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு கேமராவைக் கேட்டான். இளையபெருமாள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கலைச்செல்வன் லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தான். அடியில் பயறு அளவுக்கு ஒரு கம்பி. அதற்கு எம் என்றும் எக்ஸ் என்றும் இரண்டு இடம்.

"எம்-ல இருக்கு" என்றான்.

இளையபெருமாள் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தான். எம்-ல்தான் இருந்தது.

எம் என்பது அந்தக் காலத்து பல்பு ஃபிளாஷுக்கு. ஒரு தடவை எரிந்து தீர்ந்து போகிற பல்பு. அது முழு வெளிச்சத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால், பல்பை முதலில் பற்றவைத்துவிட்டுக் கேமரா பிறகு கண் திறக்கும். இப்போதைய ஃபிளாஷ் பளிச்சென்று அடித்து அதே வேகத்தில் செத்துவிடும். எம்-ல் வைத்து அதை அடித்தால், வெளிச்சம் போன பிறகுதான் கேமரா கண் திறக்கும். தீயும் டியூப் லைட்டும் மட்டும் எரிந்துகொண்டே இருந்ததால் அவை விழுந்தன.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரகாஷ் எங்கோ தேடிப் பிடித்து ஒரு பழைய பல்பு ஃபிளாஷ் கொண்டுவந்தார். விசிறி மாதிரி விரிகிற வெள்ளித் தகடு, அட்டைப் பெட்டியில் மிச்சமிருந்த பல்புகள். மூன்று கேமராவில் எம் உள்ளது இளையபெருமாளுடையது மட்டும்தான். "குடு ராசா, ஒண்ணு கொளுத்திப் பாப்போம்" என்று வாங்கிக் கம்பியை நகத்தால் தள்ளி அழுத்தினார். ஸ்டுடியோ வெளுத்தது. பல்பின் கண்ணாடி கொப்பளித்தது. கருகிய பிளாஸ்டிக் வாசனை. மூன்று தடியன்களும் ஆய் ஊய் என்று குதித்தார்கள். கேமரா அவன் கைக்குத் திரும்பி வந்தபோது யாரும் மூடி, வேகம், கம்பி சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அவன் சொன்னான். தனியாக, மண்டபத்து வராந்தாவில். மூடியைப் பார்த்தான், வேகத்தைப் பார்த்தான். "மாமா, கார் வந்துடுச்சு" என்று யாரோ கூப்பிட்டார்கள். கம்பி என்று வாய் சொன்னது. கண் அந்தப் பக்கம் போகவில்லை.

"நீங்கதான்ணே தள்ளினீங்க" என்றான் ஜெயப்பிரகாஷிடம்.

"ஆமா, நான்தான்." அவர் ஃபிலிமிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா பாத்தியா, முப்பது வருஷக் கேமரா, அந்த எம் இன்னும் கணக்கா வேலை செய்யுது. ஒரு கட்டம்கூடத் தப்பல. ராசா, இத நான் எடுத்துக்கவா? நம்ம பசங்களுக்குக் காட்டலாம்."

"அண்ணே, என் மச்சினன் கல்யாணம் அது."

"புரியுதுப்பா. அதுக்குத்தான் கை மாறினா பாத்துக்கணும்னு நீயே சொன்ன."

அவனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கு வாசகம் அகப்படவில்லை. இருந்த ஒரே வாசகம் அவனே எழுதியது, அது அவன் பக்கம் இல்லை.

"இன்னொரு தடவ மாலையப் போட்டு எடுத்துடு" என்றான் கலைச்செல்வன். "பட்டுப் பொடவ, வேட்டி, நாலு பேரு பின்னாடி. தாலிய கழட்ட வேணாம். மாப்ள கைய கழுத்துப் பக்கம் கொண்டு போனா போதும். நான் வந்து எடுத்துத் தரேன். மூடிய கழட்டிட்டே எடுக்கறேன்."

வீட்டில் கண்ணகியிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்தாள். "எத்தன படம் வந்திருக்கு?" என்றாள்.

"வாசல்ல எடுத்தது."

"தாலி?"

அவன் கம்பியைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். எம், எக்ஸ், பல்பு. அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "இத எங்கம்மாகிட்டப் போயி சொல்லுங்க. அதுக்கு இங்கிலீஷ் எழுத்துன்னா ரொம்பப் புடிக்கும்."

மறுநாள் இருவரும் தா.பழூர் போனார்கள். மாமியார் கொளஞ்சியம்மாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். மதுரைவீரனும் புதுப்பெண் அனிதாவும் மறுவீடு போய்த் திரும்பியிருந்தார்கள். இளையபெருமாள் கலைச்செல்வன் சொன்னதை அப்படியே சொன்னான்.

கொளஞ்சியம்மாள் கால்களால் நெல்லைத் துழாவுவதை நிறுத்தினாள். "கட்டின தாலிக்கு மறுபடி கட்டற மாதிரி நடிக்கணுமா? எவ வூட்டுல செய்வாங்க அத?"

"கழட்ட வேணாம் அத்தை. சும்மா கைய மட்டும்..."

"மொத தாலி அத்துப்போனவளுக்குத்தான் ரெண்டாவது தடவ கை கழுத்துக்குப் போவும். எம் மருமவளுக்கு வேணாம்."

அனிதா உள்ளே போய்விட்டாள். மதுரைவீரன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஸ்டுடியோக்காரன்னா போயி சட்டையப் புடிச்சிருப்பேன் மாமா" என்றான். "உங்கள என்ன பண்றது."

கண்ணகி நெல் ஓரமாக நின்றாள். தாய் அவளைப் பார்த்தாள், தம்பி பார்த்தான். நான் சொல்றேன்ல என்று சொன்ன வாய் திறக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து தா.பழூருக்கு ஒரு கவர் வந்தது. அனிதாவின் சித்தப்பா மகள் சசிகலா கல்யாணத்தில் ஒரு பிளாஸ்டிக் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தாள். திருப்ப எதுவும் இல்லாத டப்பா, அழுத்தினால் எடுக்கும். முகூர்த்த நேரத்தில் அவள் மேடையில் அவனுக்கு முன்னால் வந்து நின்றபோது, "இந்தாம்மா, மறைக்காத, பின்னால போ" என்று இளையபெருமாள் அவளை முழங்கையால் ஒதுக்கியிருந்தான். அவள் பின்னால் போய் அங்கிருந்து எடுத்திருந்தாள்.

எல்லாம் விழுந்திருந்தது. கண் சிவப்பாக, தலை வெட்டுப்பட்டு, சாய்வாக. ஆனால் விழுந்திருந்தது. தாலி கட்டுகிற படமும் இருந்தது. ஓமத் தீ, மதுரைவீரனின் குனிந்த முகம், அனிதாவின் மஞ்சள் பூசிய கழுத்து, அதில் முக்கால்வாசியை மறைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அகன்ற முதுகு. கால்களை அகட்டி, முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, கேமரா ஆடாதபடி நிற்கிற நிலை. அந்த நிலைக்காக அவன் ஸ்டுடியோவில் மற்ற இருவருக்கும் பாடம் எடுத்திருக்கிறான்.

"பெருசு பண்ணி ஃபிரேம் போட்டுக் குடுங்க மாமா" என்றான் மதுரைவீரன். "அந்த முதுக மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் ஸ்டுடியோவெல்லாம் தெரியுமே."

கலைச்செல்வன் இரண்டு அட்டைத் துண்டை எல் வடிவத்தில் வெட்டிப் படத்தின்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். இடது பக்கம் வெட்டினால் முதுகு போகும், கூடவே அனிதாவும் போவாள். மேலே வெட்டினால் மாப்பிள்ளை முகம் போகும். இறுக்கி வெட்டினால் தாலியைப் பிடித்த இரண்டு கை மட்டும் மிஞ்சும்.

"கை மட்டும் வேணா போடலாம்" என்றார் ஜெயப்பிரகாஷ். "ரசனையா இருக்கும்."

"கூடத்துல மாட்டணும்ணே. யாரு கைன்னு சொல்றது?" என்றான் இளையபெருமாள்.

"யாருய்யா இது, தடிமாடு மாதிரி நட்ட நடுவுல" என்றான் கலைச்செல்வன், ரொம்ப நாளாகக் காத்திருந்தவன்போல. இளையபெருமாள் அட்டைத் துண்டுகளைப் படத்தின்மேலிருந்து எடுத்துவிட்டான். முழுப் படமாகவே பெருசு பண்ணச் சொன்னான்.

கேமராவின் கம்பியை எக்ஸ்-ல் வைத்து அரக்கு உருக்கி ஊற்றினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோவுக்குப் போனான், போகாமலும் இருந்தான். போன நாட்களில் ஜெயப்பிரகாஷ் கேமராவைக் கேட்டால் கொடுக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அனிதாவின் வளைகாப்புக்கு எல்லோரும் தா.பழூரில் கூடியிருந்தபோது வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரக் கிழவி கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்குக் கீழே நின்றாள். கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"யாரு ஆத்தா இது, பொண்ணு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு?"

"எங்க மாமாதான்" என்றான் மதுரைவீரன். "அக்கா வூட்டுக்காரரு. போட்டோ எடுக்கறாரு."

"அப்ப அவுரு எடுத்த போட்டோ எங்க?"

கொளஞ்சியம்மாள் மகளைப் பார்த்தாள். இளையபெருமாள் சுவரோரம் நாற்காலியில் கையில் காபி டம்ளரோடு இருந்தான். கண்ணகி வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

"கழுவக் குடுத்திருக்கு" என்றாள்.