ஒரே ஒரு அவுட் பாக்கி

1

இந்தக் கதை எனக்கு ஒரு முழங்கை வழியாக வந்தது. அமெரிக்காவில், டொலிடோவில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். பேஸ்பால் வீரர்களின் கைகளை மடக்கி நீட்டுவது என் பிழைப்பு. அறுவை சிகிச்சை முடிந்து கை மடங்காமல் கிடப்பவர்கள் நிறையப் பேசுவார்கள், செய்வதற்கு வேறு வேலை இருக்காது. அப்படிப் பேசிய ஒருவரை, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், அணி, எண்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இடது கையை மட்டும் மாற்றவில்லை. ஒருமுறை வலது கை என்று எழுதிப் பார்த்தேன், ஆள் வேறு யாரோ ஆகிவிட்டார்.

லைல் ஆஸ்ட்ரண்டர். முப்பத்துமூன்று வயது. பந்து வீசுபவர்.

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்த அந்தப் பிற்பகலில், லைல் மெல்ல—"

(கைவிட்டேன். அது கூரை மூடிய மைதானம். மழை பெய்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.)

இரண்டாவது: "பந்தயம் கட்டுவது மனிதனின் ஆதி—"

(இதையும்.)

2

போன வருடம் பிப்ரவரியில் லைல் எந்த அணிக்கும் கட்டுப்படாதவர். அதைச் சுதந்திரம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். வீட்டில் அதற்கு வேறு பெயர். முழங்கையில் முதல் அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசையில் தக்காளி சூப் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு தாள்கள்.

"மூணு வருஷம், பதினெட்டு மில்லியன் டாலர். கை போனாலும் பணம் வரும்," என்றாள் மனைவி மார்சி.

"கை போயிடும்னு நெனச்சுக் குடுக்கற வெல அது, மார்ஸ்."

"ஒரு தடவ போச்சுல்ல?"

இன்னொரு தாளில் ஒரே வருடம். உறுதியாக இரண்டு மில்லியன். நூறு இன்னிங்ஸ் வீசினால் மேலே அரை மில்லியன், நூற்றிருபத்தைந்துக்கு ஒன்று, நூற்றைம்பதுக்கு மூன்று. போனில் முகவர் பிரீக் இருந்தார்.

"இந்த வருஷம் நல்லாப் போட்டா அடுத்த வருஷம் அறுபது கேப்பேன், மார்சி. மூஞ்சிக்கு நேரா கேப்பேன்."

"கேளுங்க. கை ஒங்களோடது இல்லியே."

(ஒரு இன்னிங்ஸ் என்பது மூன்று பேரை அவுட்டாக்குவது. இந்தக் கதைக்கு அதற்கு மேல் ஆட்டம் தெரிய வேண்டாம். இன்னொன்று: எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்பதற்குக் கூடுதல் பணம் எழுத விதி இடம் தராது, எவ்வளவு வீசினாய் என்பதற்கு எழுதலாம். திறமைக்கு இல்லை, வந்து நின்றதற்கு. எங்கள் மருத்துவமனையிலும் அப்படித்தான்.)

லைல் ஒரு வருடத் தாளில் கையெழுத்துப் போட்டார். மார்சி சூப்பைத் திரும்பச் சுட வைத்தாள்.

3

மார்சியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவள் தடுத்துக்கொண்டே இருந்தாள். கதைகளில் மனைவிகளுக்கு நாம் கொடுக்கும் வேலை அது. பிறகு அவளிடமே பேசினேன். அவள் கால்நடை மருத்துவர், அதிலும் பந்தயக் குதிரைகளின் கால்களைப் பார்ப்பவள். அவள் பயந்தவள் இல்லை. கால் வலித்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் இந்த நோயை வேறு பிராணிகளிடம் பார்த்தவள், அவ்வளவுதான்.

அந்த வரைவைக் கிழித்தேன். (உண்மையில் கணினியில் அழித்தேன். கிழித்தேன் என்றால் நன்றாக இருக்கிறது.)

4

அந்த வருடம் லைல் நன்றாக வீசினார். எல்லோருக்கும் கொஞ்சம் ஆச்சரியம், அவருக்கும். ஜூலையில் நூறு, ஆகஸ்ட் முடிவில் நூற்றிருபத்தைந்து. செப்டம்பர் கடைசி ஞாயிறு, வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நூற்று நாற்பத்தைந்து. இன்னும் ஐந்து இன்னிங்ஸ் வேண்டும். இரண்டு அணிகளுக்கும் அந்த ஆட்டத்தில் அடைய ஒன்றுமில்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் சுண்டுவிரல் மரத்தது. நான்காவதில் மோதிர விரலும். நான்கு முடிந்து உள்ளே வந்தவரிடம் மேனேஜர் ஹாய்ட் கேட்டார்.

"கை எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்கு."

"என்னப் பாத்துச் சொல்லு."

"நல்லாருக்குங்கறேன்ல."

"சரி. காச மிச்சம் பிடிக்க ஒன்ன வெளிய எடுக்கச் சொல்லி ஆபீஸ்லேர்ந்து யாரும் சொல்லல. சொன்னாலும் எனக்குக் காது கேக்காது. போ, போய் முடி."

இது ஹாய்டின் அன்பு. அவர் வேறு வகையில் காட்டி யாரும் பார்த்ததில்லை.

5

ஐந்தாவது இன்னிங்ஸ். முதல் ஆள் மேலே தூக்கி அடித்து அவுட். இரண்டாவது ஆள் தரையோடு அடித்து அவுட். ஒரே ஒரு அவுட் பாக்கி.

வந்தவர் சேயர்ஸ். முப்பத்தாறு வயது. அவருடையதும் ஒரு வருட ஒப்பந்தம், எத்தனை முறை மட்டையோடு வந்து நின்றார் என்பதற்குப் பணம். இப்படி இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள் என்று நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். நானும் மாற்றிப் பார்த்தேன். அந்தத் தொழிலில் முப்பதைத் தாண்டியவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். விட்டுவிட்டேன்.

லைல் வீசினார். பந்து சேயர்ஸின் காதை உரசுவதுபோல் போனது. சேயர்ஸ் மல்லாந்து விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"உயிரோடதான் இருக்கேன். போடுய்யா!"

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

முதலாவதில் லைல் அடுத்த பந்திலேயே சேயர்ஸை அவுட்டாக்குகிறார், மைதானம் எழுந்து நிற்கிறது, மூன்று மில்லியன். எழுத எழுத எனக்கே கண் கலங்கியது. அதனால் சந்தேகப்பட்டேன்.

இரண்டாவதில் முழங்கை முறிகிறது. இது இலக்கியம் என்று என் நண்பர் சொன்னார்.

மூன்றாவது நடந்தது. லைல் கையைத் தூக்கி மேனேஜரைக் கூப்பிட்டார்.

ஹாய்ட் நடந்து வந்தார். பந்து பிடிப்பவன் இபாராவும் வந்தான்.

"பந்து போடறவன் மேனேஜரக் கூப்பிட்டு நான் இப்பத்தான் பாக்கறேன்," என்றார் ஹாய்ட்.

"என்ன எடுத்துடுங்க."

"ஒரே ஒரு அவுட்டுப்பா."

"தெரியும்."

"மூணு மில்லியன்."

"தெரியும், ஹாய்ட். ரெண்டு வெரல் மரத்துப் போச்சு. பந்து கையில இருக்கானே தெரியல. பொய் சொன்னேன்."

இபாரா முகமூடியைத் தூக்கினான். "டேய், அந்தாளு இன்னிக்குப் பந்தையே தொடல. நடுவுல மூணு பந்து போடு, அவுட் ஆயிடுவான்."

"நடு எங்கன்னு தெரிஞ்சா போட மாட்டனா? அடுத்தது அவன் பொட்டுல பட்டா நீ போய் அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்லுவியா?"

ஹாய்ட் கையை நீட்டினார். லைல் பந்தை வைத்தார். வைத்துவிட்டோமா என்று கீழே பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டாராம்.

லைலுக்குப் பதிலாக வீச வந்தவன் ஒரே பந்தில் சேயர்ஸை அவுட்டாக்கினான்.

ஆட்டம் முடிந்து காரில் வீட்டுக்குப் போனார்கள். "மூணு மில்லியன் போச்சு, மார்ஸ்," என்றார் லைல்.

"மூணாவது இன்னிங்ஸ்ல நீ வெரல கால்சட்டையில தேச்சப்ப எழுந்து நின்னவ நான். நீ பந்தக் குடுத்தப்பதான் உக்காந்தேன்." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள், "ஓடும்போது தானா நின்ன குதிரய இதுவரைக்கும் நான் பாத்ததில்ல, லைல்."

லைல் இதை என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கும் சுவர் வசதியாக இருந்தது.

7

லைலின் முழங்கை நரம்பை அறுவை செய்து இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். இப்போது ஜனவரி. அறுபது மில்லியன் கேட்க பிரீக்குக்கு எந்த மூஞ்சியும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு அணி கேட்டிருக்கிறது: ஒரு வருடம், குறைந்தபட்சச் சம்பளம், நாற்பது இன்னிங்ஸிலிருந்து கூடுதல். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். இன்று புதன். இதழாசிரியர் கதையை வியாழனுக்குள் கேட்கிறார். ஒரு நாள் தள்ளிக் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

இன்று காலை லைல் வந்தார்.

"நீங்களா இருந்தா கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார்.

"வெரல மடக்கிக் காட்டுங்க," என்றேன்.

கையை மேசைமேல் வைத்தார். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ஒவ்வொன்றாக மடங்கின. மோதிர விரல் கொஞ்சம் யோசித்து மடங்கியது. சுண்டுவிரல்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. முடித்தால் அது மருத்துவக் குறிப்பு ஆகிவிடும். அதைப் பிரீக் படிப்பார், அணிக்காரர்கள் படிப்பார்கள். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். மடங்கியதென்றோ இல்லையென்றோ. கையெழுத்தையும் நீங்களே போடுங்கள், அல்லது போடாமல் விடுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒன்று. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்சி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை லைல் வெளியே வரும் நடையிலேயே படித்துவிடுவாள்.